வைட் லென்ஸ் படம் மங்குகிறதா? மலையில் மீடியம் ஃபார்மட் எடுப்பவர்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கமும் 120 ரோல் (மீடியம் ஃபார்மட் கேமராவின் அகலமான ஃபிலிம்) போட்டுப் படம் எடுப்பவர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "வைட் லென்ஸ் சரியில்ல, வித்துடலாமா?" நெகடிவை விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தால், அநேகமாக லென்ஸ் மேல் குற்றம் இருக்காது. குளிர்காற்றில் ஆடிய ட்ரைபாட், ஈரத்தில் வளைந்த ஃபிலிம், பஞ்சு கரைந்து இறங்கிய மிரர் (கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி) என்று வேறு எங்கோ இருக்கும். நல்ல லென்ஸைக் கைவிட்டவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

வைட் (பரந்த காட்சியை அடக்கும் லென்ஸ்) என்று இங்கே சொல்வது 6×6 கேமராவில் (எண்கள் ஃபிரேமின் அளவு, சென்டிமீட்டரில்) 38 முதல் 55 மி.மீ. வரை, 6×7-இல் 45 முதல் 65 வரை, 645-இல் (6×4.5) 35 முதல் 55 வரை. ஒவ்வொரு அறிகுறிக்குக் கீழும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும். லென்ஸைத் திறக்கும் வேலை கடைசியில்தான்.

எதற்கும் முன்னால்: ஸ்கேனை மூடிவிட்டு நெகடிவைப் பாருங்கள்

தட்டை ஸ்கேனரில் எடுத்த கோப்பை வைத்து லென்ஸுக்குத் தீர்ப்பு சொல்லவே கூடாது. ஃபிலிம் தாங்கியில் நெகடிவ் நடுவில் கொஞ்சம் தொங்கினாலே நடு ஒரு மாதிரியும் ஓரம் வேறு மாதிரியும் தெரியும். விளக்குப் பெட்டி இல்லாவிட்டால் டேப்லெட் திரையை வெள்ளையாக்கி, அதற்கு ஓர் அங்குலம் மேலே நெகடிவைப் பிடித்து, 10 மடங்கு பூதக்கண்ணாடியால் பாருங்கள். திரையில் ஒட்டி வைத்தால் அதன் புள்ளிகள் குறுக்கே வரும். நெகடிவில் இலை நரம்பு தெரிந்து ஸ்கேனில் தெரியவில்லை என்றால் வேலை முடிந்தது, லென்ஸ் நன்றாக இருக்கிறது. ஸ்கேனரின் ஃபிலிம் தாங்கியை உயர்த்தியும் தாழ்த்தியும் பாருங்கள், அல்லது வேறு லேபில் ஒரே ஒரு ஃபிரேமை மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

சோதனை ரோல்: ஒன்று போதும், ஒழுங்காக எடுத்தால்

புதிய 100 வேக (ஐஎஸ்ஓ 100) ரோல் ஒன்று வாங்குங்கள். ஊட்டி இந்து நகரில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் இயங்கிய காலத்து 'இந்து' பிராண்ட் ரோல்கள் இன்னமும் சில வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. 1967-இல் உற்பத்தி தொடங்கிய அந்தத் தொழிற்சாலை இந்த மலைக்காரர்கள் எல்லாருக்கும் பெருமை. அந்த ரோல்களை ஆசைக்கு எடுங்கள், லென்ஸ் சோதனைக்கு எடுக்காதீர்கள். காலாவதியான ஃபிலிமின் மூட்டமும் தடித்த மணிகளும் (கிரெயின்) எந்த லென்ஸையும் கெட்டதாகக் காட்டிவிடும்.

6×6-இல் 12 ஃபிரேம் கிடைக்கும். பாதி சுவருக்கு, பாதி தூரத்துக்கு. சுவரில் நடுவில் ஒன்று, நான்கு மூலையில் நான்கு என்று தினசரித் தாளின் சிறு விளம்பரப் பக்கத்தைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். 50 மி.மீ. லென்ஸோடு 2 மீட்டர் தள்ளி நின்றால் சுமார் இரண்டே கால் மீட்டர் அகலம் சட்டத்துக்குள் வரும். கேமரா சுவருக்கு நேராக இருக்கிறதா என்று கண்ணால் மதிப்பிடாதீர்கள். நடுத்தாளின் மேல் ஒரு சின்ன முகக்கண்ணாடியைச் சுவரோடு படியும்படி ஒட்டி, வ்யூஃபைண்டரில் பாருங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் சரிநடுவில் விழும் வரை ட்ரைபாட் தலையைத் திருப்புங்கள். அப்புறம் கண்ணாடியை எடுத்துவிட்டு, அபர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளையை) எஃப்/4, 5.6, 8, 11, 16, 22 என்று வரிசையாக எடுங்கள். மிரரை முன்கூட்டியே தூக்கிவிட்டு, கேபிள் ரிலீஸில் (கேமராவைத் தொடாமல் ஷட்டரை அடிக்கும் கம்பியில்).

தூரத்துக்கு 200 மீட்டர் தள்ளியுள்ள சில்வர் ஓக் மரங்களே போதும், இந்த லென்ஸ்களுக்கு அது முடிவிலி மாதிரிதான். தேயிலை ஃபேக்டரியின் நெளித்தகரச் சுவரும் அதன் ஜன்னல் வரிசையும் கிடைத்தால் இன்னும் நல்லது. நேர்கோடும் நுண்விவரமும் மூலைக்கு மூலை கிடைக்கும். கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் நின்று வைகை அணையையோ, கோடநாட்டில் நின்று கீழே சமவெளியையோ எடுத்துச் சோதிக்கவே வேண்டாம். அவ்வளவு காற்றைத் தாண்டி எந்த லென்ஸும் கூர்மை காட்டாது.

ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அபர்ச்சரையும் கேமரா இருந்த நிலையையும் எழுதி வையுங்கள். பின்னால் வரும் பாதிச் சோதனைகளுக்கு இந்தக் குறிப்புதான் உயிர்.

அறிகுறி 1: படம் முழுக்க மென்மையாக இருக்கிறது

முதல் கேள்வி: படத்தில் எங்காவது, ஓர் இடத்திலாவது கூர்மை இருக்கிறதா?

*இருக்கிறது, ஆனால் நான் ஃபோகஸ் செய்த இடத்தில் இல்லை.* அப்படியானால் லென்ஸ் கண்ணாடிகளை விட்டுவிடுங்கள், இது ஃபோகஸ் பிரச்சினை. ஹாசல்பிளாட் எஸ்டபிள்யூசி மாதிரி வ்யூஃபைண்டரில் பார்த்து ஃபோகஸ் செய்ய வழியில்லாத கேமரா என்றால், தூரத்தைக் கண்ணால் அளந்ததில்தான் பிசகு. டேப் வைத்து அளந்து ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எஸ்எல்ஆர் (லென்ஸ் காட்டுவதை மிரர் வழியாகத் திரையில் பார்க்கும் கேமரா) என்றால் தையல் டேப் ஒன்றை மேசையில் நீளவாக்கில் ஒட்டி, சாய்வாகப் பார்த்து, நடு எண்ணில் முழு அபர்ச்சரில் ஃபோகஸ் செய்து எடுங்கள். நெகடிவில் வேறு எண் கூர்மையாக வந்தால் திரைக்கும் ஃபிலிமுக்கும் தூரம் ஒத்துப்போகவில்லை. ஃபோகஸிங் திரை தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறதா பாருங்கள். பழைய கேமராவில் இது அடிக்கடி நடப்பது, சரிசெய்யக் காசே வேண்டாம். அடுத்தது, மிரர் வந்து உட்காரும் பஞ்சு. வருஷக்கணக்கில் இருந்தால் பிசுபிசுத்துக் கரைந்துவிடும், மிரர் ஒரு மயிரிழை கீழே இறங்கும். விரலால் அழுத்திப் பார்க்காதீர்கள், மெக்கானிக்கிடம் கொடுங்கள். சின்ன வேலைதான்.

பென்டாக்ஸ் 67, மமியா சி330 போலப் பின்கதவு திறக்கும் கேமராக்களில் இன்னொரு சோதனை உண்டு. ஃபிலிம் படியும் தண்டவாளத்தின் மேல் சொரசொரப்பான கண்ணாடித் துண்டை, சொரசொரப்பு லென்ஸைப் பார்க்கும்படி வைத்து, ஷட்டரை பி-யில் (அழுத்தியிருக்கும் வரை திறந்திருக்கும் வைப்பு) திறந்து பிடியுங்கள். திரையில் தெரியும் ஃபோகஸும் இந்தக் கண்ணாடியில் தெரியும் ஃபோகஸும் ஒன்றா என்று அப்போதே தெரிந்துவிடும். மேகசின் (ஃபிலிம் இருக்கும் பெட்டி) கழற்றும் கேமராவில் இது சரிவராது, ஏனென்றால் ஃபிலிம் தளம் மேகசினுக்குள் இருக்கிறது.

*முன்னால் இருக்கும் தேயிலைச் செடி கூர்மை, மலை மங்கல். அல்லது இதற்கு நேர்மாறாக.* லென்ஸ் மேல் பொறித்த ஆழக் கோடுகளை (எந்தத் தூரத்திலிருந்து எந்தத் தூரம் வரை கூர்மை என்று காட்டுபவை) அப்படியே நம்பியதால் வருவது. அந்தக் கோடுகள் தாராள மனசோடு போடப்பட்டவை. 50 மி.மீ.யில் எஃப்/11 வைத்து நாலரை மீட்டரில் ஃபோகஸ் செய்தால் சுமார் இரண்டேகால் மீட்டரிலிருந்து முடிவிலி வரை சரியாக வரும் என்று கணக்கு சொல்லும். சின்னப் பிரதிக்கு அது சரி. பெரிதாகப் பிரின்ட் போட வேண்டுமென்றால் எஃப்/11-க்கு எஃப்/5.6 கோட்டையோ எஃப்/8 கோட்டையோ பாருங்கள். மலைக்காட்சியில் மலைதான் முக்கியம் என்றால் மலையிலேயே ஃபோகஸ் செய்யுங்கள், செடி கொஞ்சம் மங்கினால் மங்கட்டும்.

*எங்கேயும் கூர்மை இல்லை, புள்ளிகள் ஒரே திசையில் இழுத்திருக்கின்றன.* ஆட்டம். சட்டத்தின் மேலும் கீழுமாக இழுத்திருந்தால் மிரர் அடிக்கும் அதிர்வைச் சந்தேகிக்கலாம். 1/30-லிருந்து 1/2 நொடி வரை இது மோசம், பென்டாக்ஸ் 67 வைத்திருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். தொட்டபெட்டா உச்சியில் 2,637 மீட்டரில் காற்று நிற்கிற நேரமே குறைவு. நடு தண்டை இறக்கி, பையைத் தொங்கவிடாமல் கால்களுக்கு அருகே தரையில் வைத்து, காற்று அடங்கும் இடைவெளியில் எடுங்கள். காட்சி முனைகளில் போட்டிருக்கும் மரப்பலகை, இரும்பு மேடைகளில் ட்ரைபாட் வைக்காதீர்கள். பக்கத்தில் ஒரு குடும்பம் நடந்துபோனாலே மேடை அதிரும்.

*எங்கேயும் கூர்மை இல்லை, இழுப்பும் இல்லை, ஆனால் எஃப்/22-இல் மட்டும்.* துளை ரொம்பச் சின்னதானால் எந்த லென்ஸும் மென்மையாகும். எஃப்/11-ஐயும் 22-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதற்கு வைத்தியம் இல்லை, எஃப்/16-ஐத் தாண்டாமல் இருப்பதுதான்.

எல்லா அபர்ச்சரிலும், எல்லா தூரத்திலும், ட்ரைபாடில், மிரர் தூக்கி, நெகடிவிலேயே மென்மை என்றால் அறிகுறி 4-இல் வரும் டார்ச் சோதனைக்குப் போங்கள்.

அறிகுறி 2: நான்கு மூலையும் ஒரே அளவு மென்மை

எஃப்/4-இல் அப்படித்தான் இருக்கும், எஃப்/8 அல்லது 11-க்கு வரும்போது கூடிவர வேண்டும். கூடினால் லென்ஸ் ஆரோக்கியமாக இருக்கிறது.

எஃப்/11-இலும் கூடவில்லை என்றால் முதலில் மிதக்கும் கண்ணாடி வளையத்தைப் பாருங்கள். ஹாசல்பிளாடின் பிந்தைய 50 மி.மீ. டிஸ்டகான் லென்ஸிலும், மமியா ஆர்பி67-இன் சில வைட் லென்ஸ்களிலும் ஃபோகஸ் வளையம் போக, தூரத்துக்கேற்ப நாமே திருப்ப வேண்டிய இன்னொரு வளையம் உண்டு. கிட்டத்தில் ஒரு பூவை எடுத்துவிட்டு அதே வைப்பில் தூரத்துப் பில்லர் ராக்ஸ் பாறைகளை எடுத்தால் நடு நன்றாக இருக்கும், மூலைகள் கரைந்துபோகும். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்கு இந்த வளையம் இருப்பதே தெரிவதில்லை. இதற்காக லென்ஸைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்களும் உண்டு.

வளையம் சரி என்றால், சுவர் சோதனையில் நடுவில் ஃபோகஸ் செய்து ஒன்று, மூலையில் ஃபோகஸ் செய்து ஒன்று எடுங்கள். இரண்டாவதில் மூலை கூர்மையானால் லென்ஸின் ஃபோகஸ் தளம் வளைந்திருக்கிறது. அது அதன் பிறவிக்குணம், மெக்கானிக்கால் மாற்ற முடியாது. தூரக் காட்சிகளில் எஃப்/11-இல் இது உங்களைத் தொந்தரவு செய்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கிட்டத்துச் சுவரில் சுமாராகவும் 200 மீட்டரில் அருமையாகவும் இருக்கும் லென்ஸைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மலையை எடுக்கத்தானே வாங்கினோம்.

அறிகுறி 3: ஒரு பக்கம் மட்டும் மென்மை

கீழே விழுந்த லென்ஸின் அடையாளம் இதுதான் என்பதால் எல்லாரும் பயப்படுவது நியாயம். ஆனால் இதே அடையாளத்தைக் காட்டும் அப்பாவிக் காரணங்கள் நிறைய. நான் அதிக நேரம் செலவிடுவது இந்த இடத்தில்தான், நீங்களும் அவசரப்படாதீர்கள்.

*எல்லா ஃபிரேமிலும் அதே இடமா?* ரோல் முழுக்க விரித்துப் பாருங்கள். மூன்றாவது ஃபிரேமில் இடது, ஏழாவதில் எங்கும் இல்லை, ஒன்பதாவதில் மேல்பக்கம் என்று அலைந்தால் அது லென்ஸ் அல்ல, ஃபிலிம். லென்ஸ் கோளாறு இடம் மாறாது. மேகசினுக்குள் ஃபிலிம் உருளையைச் சுற்றி வளைந்து நிற்கிறது. பாதி எடுத்த ரோலை நாள்கணக்கில் அப்படியே விட்டால் அந்த வளைவு பதிந்து, அடுத்த ஃபிரேமில் ஓரமாக ஒரு மங்கல் பட்டையாக வரும். குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் காகிதமும் ஃபிலிமும் ஈரம் இழுத்துக்கொள்ளும்போது இது கூடும். எடுப்பதற்குச் சற்று முன்னால் மட்டும் ஃபிலிமைச் சுற்றுங்கள், எடுத்தவுடன் சுற்றி வைக்காதீர்கள். நாள் கடந்த ரோல் என்றால் ஒரு ஃபிரேமைத் தியாகம் செய்துவிட்டு அடுத்ததில் முக்கியமான படத்தை எடுங்கள்.

*அதே இடம்தான் என்றால்* கேமராவை 90 டிகிரி பக்கவாட்டில் படுக்கவைத்து அதே சுவரை எடுங்கள், மறுபடியும் முகக்கண்ணாடி வைத்து நேராக்கிய பிறகு. மங்கல் சுவரின் அதே தாளோடு நின்றுவிட்டால் சுவருக்கும் கேமராவுக்கும்தான் கோணல், சோதனையைத் திருப்பிச் செய்யுங்கள். மங்கல் கேமராவோடு திரும்பி வந்தால் கேமராவிலோ லென்ஸிலோ உள்ளது.

*கேமராவோடு வருகிறது.* மேகசினை மாற்றி எடுங்கள், இல்லாவிட்டால் நண்பரிடம் ஒரு நாள் கடன் வாங்குங்கள். மங்கல் போய்விட்டால் பழைய மேகசினின் அழுத்தத் தகடோ உருளையோ சரியில்லை. போகவில்லை என்றால் வேறு லென்ஸ் மாட்டி எடுங்கள். அதிலும் அதே பக்கம் மங்கினால் மவுன்ட்டோ (லென்ஸ் மாட்டும் வளையம்) உடலோ கோணல். வேறு லென்ஸில் இல்லை, இதில் மட்டும் என்றால் மவுன்ட் வளையத்தில் அழுக்கோ தூக்கிய திருகோ இருக்கிறதா பாருங்கள். சுத்தமாக இருந்தும் தொடர்ந்தால் உள்ளே ஒரு கண்ணாடி நடுவிலிருந்து நகர்ந்திருக்கிறது. முன்வளையத்தில் நசுங்கல், திருகுகளின் தலையில் கீறல் இருந்தால் உறுதியாகச் சொல்லலாம்: விழுந்திருக்கிறது, அல்லது யாரோ திறந்து சரியாக மூடவில்லை.

இங்கே நிறுத்துங்கள். நீங்கள் திறக்காதீர்கள். வைட் லென்ஸில் கண்ணாடிகள் அதிகம், இடைவெளி ஒரு நூல் மாறினாலும் படம் மாறும். சோதனைக் கருவி வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டும். செலவு லென்ஸ் விலையை நெருங்கினால் இன்னொரு லென்ஸ் தேடுவதே மேல்.

அறிகுறி 4: கூர்மை இருக்கிறது, ஆனால் பால் ஊற்றியது போல வெளிறல்

தூரத்து மலை மட்டும் வெளிறி, கிட்டத்துச் செடி அழுத்தமாக இருந்தால் காற்றுதான். மழை விட்ட மறுநாள் காலையில் எடுங்கள். கறுப்பு வெள்ளையில் மஞ்சள் அல்லது ஆரஞ்சு ஃபில்டர் உதவும். அடர்ந்த மூடுபனிக்கு ஃபில்டரால் ஒன்றும் ஆகாது.

எல்லாமே வெளிறியிருந்தால் அடுத்த கேள்வி நேரம். தலைக்குந்தா பக்கம் உறைபனி எடுக்க விடியலில் நின்றுவிட்டு, குளிர்ந்த கேமராவோடு டீக்கடைக்குள் போய் அங்கேயே பையைத் திறந்தீர்களா? கண்ணாடியில் நீர் படிந்திருக்கும். ஏசி காரில் மலையேறி வந்து கதவைத் திறந்தவுடன் எடுத்தாலும் அதே கதை. மூடிய பையிலேயே அரைமணி நேரம் விடுங்கள். முன் கண்ணாடியைத் துடைத்தால் போதும் என்று நினைப்பீர்கள், பின் கண்ணாடியிலும் படிந்திருக்கும்.

எந்த நேரமும் வெளிறல் என்றால் டார்ச் சோதனை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, அபர்ச்சரை முழுக்கத் திறந்து, ஷட்டரையும் திறந்து வைத்து, பின்பக்கமிருந்து சாய்வாக டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது, சாய்வுதான் முக்கியம். தூசி சில துணுக்குகள் எல்லா லென்ஸிலும் இருக்கும், விட்டுவிடுங்கள். ஒரே சீராக மங்கல் படலம் என்றால் உள்ளே எண்ணெய் ஆவி படிந்திருக்கிறது, சுத்தம் செய்தால் போய்விடும். ஓரத்திலிருந்து நூல் நூலாகக் கிளைத்து நடுவை நோக்கி வந்தால் பூஞ்சை. விளிம்பில் வானவில் நிறத்தில் வளையமோ, தீவு போன்ற திட்டோ தெரிந்தால் ஒட்டிய இரண்டு கண்ணாடிகள் பிரிய ஆரம்பித்திருக்கின்றன. அது பெரிய செலவு.

முன் கண்ணாடி ஓரத்தில் சின்னப் பூஞ்சை படத்தைப் பெரிதாகக் கெடுக்காது. பின் கண்ணாடியில் இருந்தால் தாமதிக்காதீர்கள். பூஞ்சை கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால் சுத்தம் செய்த பிறகும் தடம் நிற்கும், அதனால் சீக்கிரம் கொடுப்பதில் லாபம் உண்டு. வெளிக் கண்ணாடியை ஊதி, லென்ஸ் திரவத்தால் நீங்கள் துடைக்கலாம். உள்ளே இருப்பது மெக்கானிக்கின் வேலை. திரும்பி வந்தபின் தோல் உறையில் போட்டு மர பீரோவில் வைக்காதீர்கள், மலையில் பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. காற்றுப் புகாத டப்பா, சிலிகா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. 40 முதல் 50 சதவீதத்தில் நிறுத்துங்கள். கூடலூர், நடுவட்டம் பக்கம் இருப்பவர்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஜெல்லை அடிக்கடி சூடாக்கி உலர்த்த வேண்டும்.

அறிகுறி 5: மூலைகள் கறுப்பு

கறுப்புக்குக் கூரான விளிம்பு இருக்கிறதா? அப்படியென்றால் ஹூட் (லென்ஸ் முன் மாட்டும் நிழல்மறைப்பு) அல்லது ஃபில்டர். அபர்ச்சரைச் சிறிதாக்கினால் விளிம்பு இன்னும் தெளிவாகும். இரண்டு ஃபில்டர் அடுக்காதீர்கள், 80 மி.மீ. லென்ஸின் ஹூடை 50-க்கு மாட்டாதீர்கள். பின்கதவைத் திறந்து ஃபிரேமின் மூலையிலிருந்து லென்ஸைப் பார்த்தால் எது குறுக்கே நிற்கிறது என்று கண்ணாலேயே காணலாம்.

மெதுவாக இருண்டு, எஃப்/8-க்கு மேல் பெருமளவு குறைந்தால் இயல்பு. மிச்சத்தைப் பிரின்டில் சரிசெய்துகொள்ளுங்கள். வானத்தில் ஒரு பகுதி மட்டும் கருநீலமாக இருந்தால் போலரைசர் ஃபில்டர்தான் காரணம், வைட் லென்ஸில் அதைக் கழற்றிவிடுங்கள்.

அறிகுறி 6: மரங்கள் சாய்கின்றன, ஓரத்து முகங்கள் இழுபடுகின்றன

லென்ஸில் குறையில்லை. கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் தைல மரங்கள் உள்நோக்கிச் சாயும், ரசமட்டம் வைத்து நேராக்குங்கள். மனிதர்களை ஓரத்தில் நிறுத்தாதீர்கள். தகரச் சுவரின் நேர்கோடு ஓரத்தில் வில்லாக வளைந்தால் மட்டும் அது லென்ஸின் உருச்சிதைவு. டிஸ்டகான் வகையில் லேசாக இருக்கும், எஸ்டபிள்யூசி-யின் பயோகான் லென்ஸில் கிட்டத்தட்ட இருக்காது.

அறிகுறி 7: ஓரத்து இலைகளில் நிறக்கோடு

வெள்ளை வானத்துக்கு எதிரே இலை இருந்தால் தெரியும். எஃப்/11-இல் மறைந்தால் கவலை வேண்டாம். மறையாமல் மூலைகளில் மட்டும் நின்றால் ஸ்கேன் மென்பொருளில் நீக்கலாம். நடுவிலும், ஒரு பக்கமாக மட்டும் வந்தால் அறிகுறி 3-ஐப் பாருங்கள்.

அறிகுறி 8: ஒளிப்பொட்டுகள்

சூரியன் சட்டத்துக்குள் இருந்தால் பொட்டுகள் படத்தின் நடுவைக் கடந்து ஒரே கோட்டில் வரிசையாக நிற்கும், ஃபில்டரைக் கழற்றினால் குறையும். சூரியன் வெளியே இருந்தால் தொப்பியால் நிழல் கொடுத்து, தொப்பி சட்டத்துக்குள் வரவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நிழல் கொடுத்தும் போகாத வெளிறல் என்றால் டார்ச் சோதனைக்குத் திரும்புங்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரே ஓரத்தில் ஒளிக்கோடு வந்தால் மேகசினின் ஒளிமறைப்புப் பஞ்சு போய்விட்டது, மாற்றுவது மலிவு.

மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது

மலையில் பழைய மெக்கானிக்கல் லென்ஸ் திறக்கத் தெரிந்தவர் கிடைப்பது அரிது, அநேகமாகக் கோவைக்கோ சென்னைக்கோதான் அனுப்ப வேண்டும். லென்ஸை மட்டும் அனுப்பாதீர்கள். அறிகுறி 1-இல் ஃபோகஸ் பிசகு என்றால் உடல், மேகசின், திரை எல்லாம் சேர்ந்து போக வேண்டும். அறிகுறி 3 என்றால் 90 டிகிரி திருப்பி எடுத்த இரண்டு நெகடிவ்களைச் சேர்த்து வையுங்கள், எந்த ஓரம் மங்குகிறது என்று உறையில் பேனாவால் குறித்து. "படம் சரியில்லை" என்று எழுதினால் சுத்தம் செய்து திருப்பி அனுப்பிவிடுவார்கள். "எஃப்/11-இலும் வலது ஓரம் மங்கல், மேகசின் மாற்றியும் போகவில்லை, வேறு லென்ஸில் இல்லை" என்று எழுதினால் எங்கே திறக்க வேண்டும் என்று அவருக்கே தெரியும். வேலை தொடங்கும் முன் செலவைக் கேட்டு வாங்குங்கள். திரும்பி வந்ததும், பணம் முழுதாகக் கொடுக்கும் முன், அதே சுவரில் அதே ஆறு ஃபிரேமை மறுபடி எடுத்துப் பாருங்கள்.